மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர்

ஜூஜுவாடிக்காரர் தப்ரேஸ் கெட்ட ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இப்போது அவரே அதை நம்புவதில்லை. ஓசூரில் பைக்குக்கு கிளட்ச் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினேழு வருடம் வேலை பார்த்துவிட்டார். கடைசி ஒன்பது வருடமாக லைன் லீடர். இருபத்திரண்டு பேர் வரிசையாக நின்று பாகங்களைப் பூட்டுகிற லைன் அது. ஒருவருக்கு ஒன்றுக்கு வந்தால் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் வந்து அந்த இடத்தில் நின்ற பிறகுதான் நகரலாம். இருப்பதோ ஒரே ரிலீவர். அவரும் பாதி நாள், லீவு போட்டவனின் இடத்தில் நின்றுகொண்டிருப்பார். அதனால் யார் கையைத் தூக்கினாலும் தப்ரேஸ் சொல்வது ஒன்றுதான்: "டீ டைம்ல பாத்துக்கலாம்பா."

ஆட்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் கம்பெனி பஸ் ஏறும்போதே வாயைக் கட்டிவிடுவார்கள். இந்த வித்தையில் முதல் மார்க் வாங்கியவன் முனிவேல். குந்தாரப்பள்ளிக்காரன், முப்பத்தாறு வயது, வாயைத் திறந்தால் கேலிதான் வரும். புதிதாகச் சேருகிறவர்களிடம் தப்ரேஸ் அவனைத்தான் காட்டுவார். "முனியப் பாருங்க. பதினோரு வருசத்துல ஒரு நாளு ஷிப்டு நடுவுல எடத்த விட்டு நவுந்திருப்பானா?" முனிவேலுக்குப் பெருமை தாங்காது. நடுவில் இரண்டு தடவை அவனுக்குக் கல்லடைப்பு வந்தது. வாழைத்தண்டுச் சாற்றைக் குடித்துவிட்டு மூன்றாம் நாள் வேலைக்கு வந்து நின்றான். அதற்கும் தப்ரேஸ் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

சைக்கிள் பைத்தியம் தப்ரேசுக்குத்தான் முதலில் பிடித்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் மிரட்டியதும் கியர் சைக்கிள் வாங்கினார். பிறகு முனிவேல் வாங்கினான், ஸ்டோரில் வேலை செய்யும் ராஜப்பன் வாங்கினான். ஞாயிறு தவறாமல் கிருஷ்ணகிரி அணை வரை போய்த் திரும்புவார்கள். மே மாதம் கம்பெனி ஒன்பது நாள் ஷட்டவுன் என்றதும் திட்டம் பெரிதாகிவிட்டது. பாண்டிச்சேரியில் கடலைப் பிடித்து, அப்படியே கரையோரமாக ராமேஸ்வரம். "இந்த வெயில்லயா? மூணு பேருக்கும் கழண்டு போச்சா?" என்று கேட்டாள் தப்ரேசின் மனைவி நிகத். கேட்டால் ஆயிற்றா?

தப்ரேஸ் ஒரு நோட்டில் கட்டம் போட்டார். ஏழு முதல் எட்டு, பதினெட்டு கிலோமீட்டர். எட்டு முதல் ஒன்பது, பதினெட்டு. லைனில் மணிக்கு மணி உற்பத்தி எழுதுகிற பலகைதான், இடம் மட்டும் மாறியிருந்தது. பழக்க தோஷம்! ஊர்ப் பேர்களை விட்டுவிட்டு எண்களைப் பார்த்துக்கொண்டு கடற்கரைக்குப் போன மனிதரை என்னவென்று சொல்வது?

ஆனாலும் மூன்றாம் நாள் பாண்டிச்சேரியைத் தாண்டிக் கடலில் இறங்கியபோது மூவரும் ஆனந்தப்படத்தான் செய்தார்கள். அலை தள்ளி ராஜப்பன் விழுந்தான். முனிவேல் வீடியோ கால் போட்டு மனைவி சுப்ரியாவுக்கும் மகள் ஹரிணிக்கும் கடலைக் காட்டினான். அன்றைய எண்களை எழுதவே தப்ரேஸ் மறந்துபோனார்.

ஓசூர் குளிர்ந்த ஊர். அங்கத்து ஆட்களுக்கு வெயில் என்றால் தோலைச் சுட வேண்டும். கரையோரத்தில் வானம் மூடியிருந்தது, காற்று அடித்தது, சுடவே இல்லை. வேர்வை மட்டும் காயாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. "பரவால்லண்ணா, நம்மூரு மாதிரிதான் கீது" என்றான் முனிவேல். நான்காம் நாள் மாலை அவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. சீர்காழியில் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி ஒரே நேரத்தில் இரண்டு விழுங்கினான். மறுநாள் காலையும் இரண்டு.

அன்று நண்பகல், தரங்கம்பாடி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றார்கள். ஒதுங்கிவிட்டு வந்த முனிவேல் சிரிக்க முயன்றான்.

"அண்ணா, ஒண்ணுக்கு கொள்ளு வேவிச்ச தண்ணி மாதிரி போவுது."

"சூடுடா. எளநி குடிச்சா சரியாப்பூடும்" என்றார் தப்ரேஸ்.

"இன்னிக்கு இத்தோட நிறுத்திக்கலாங்களாண்ணா? இடுப்புல நிக்க முடியல."

"பேசாம இங்கயே ரூம் போட்டுடலாம்ணா, அவன் மூஞ்சியே சரியில்ல" என்றான் ராஜப்பன்.

தப்ரேஸ் நோட்டைப் பார்த்தார். காலையிலிருந்து இருபத்தோரு கிலோமீட்டர் பாக்கி விழுந்திருந்தது. "நாகப்பட்டினம் முப்பது கிலோமீட்டர்தான். போயிட்டு நல்லா படுத்துக்கலாம். முனி, நீ இதுக்கெல்லாம் அசர்ற ஆளாடா?"

அந்த ஒரு வார்த்தை போதும் முனிவேலுக்கு. ஏறி மிதித்தான். காரைக்காலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சைக்கிள் தானாகச் சாலை ஓரத்துக்குப் போய் மணலில் சாய்ந்தது. ஓடிப்போய் அவனை நிமிர்த்தினார்கள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. முகத்தில் தெளிக்கத் தப்ரேஸ் அவனுடைய பாட்டிலை உருவினார். காலையில் நிரப்பியது, மூடி வரை அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் கண் விழித்தான். டாக்டர் கேட்டார், "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"ஷிப்டுல குடிக்கறதில்லைங்க சார். எந்திரிக்கவே மாட்டேன்." தப்ரேஸ் பக்கம் தலையைத் திருப்பினான். "எங்க லீடர வேணா கேளுங்க."

டாக்டர் அவரைப் பார்த்தார். தப்ரேஸ் ஆமாம் என்று தலையாட்டினார். வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக அவர் என்றைக்கும் நின்றதில்லை. இரண்டு சிறுநீரகமும் பல வருடமாகவே பழுதாகி வந்திருக்கின்றன, வெக்கையும் மாத்திரையும் மிச்சத்தை முடித்துவிட்டன என்றார் டாக்டர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இப்போது முனிவேலுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வர வேண்டும். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. உள்ளே போகும் தண்ணீர் வெளியே வராமல் நுரையீரலில் ஏறிக்கொள்ளும் என்பதால் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் அளவு. டீ, ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

தரங்கம்பாடி சங்கதி சுப்ரியாவுக்குத் தெரியாது. முனிவேல் சொல்லவில்லை, ராஜப்பனும் சொல்லவில்லை. அவன் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டான், நான்தான் மிதிக்க வைத்தேன் என்று அவளிடம் சொல்லியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தப்ரேஸ் குந்தாரப்பள்ளிக்குப் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள், "இன்னிக்கு அவருக்குத் தண்ணி அளவு முடிஞ்சிட்டது. கொஞ்சம் பாத்துக்கோங்கண்ணா, மருந்து வாங்கியாந்துடறேன்" என்று அவள் கிளம்பிப் போனாள்.

முனிவேலின் முகம் உப்பி, உதடு வெடித்திருந்தது. "எனக்கு இப்பதாண்ணா தாகம்னா என்னான்னே தெரியுது. ஒரு டம்ளர் மோந்து குடுங்களேன்."

"இன்னிக்கு அளவு முடிஞ்சிட்டதுன்னு சுப்ரியா சொல்லிச்சேடா."

"அதுக்குத் தெரிய வேணாம். இத்தன வருசத்துல உங்ககிட்ட நான் எதுனா கேட்டிருக்கனா? அர டம்ளர்ணா. தொண்டைய நனைச்சிக்கறேன்."

கேலி பேசிய வாய் கெஞ்சியது. தப்ரேஸ் குடத்தைப் பார்த்தார், எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். அவன் அழுதான். ஆனாலும் அவர் கொடுக்கவில்லை.

சுப்ரியா திரும்பி வந்து அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். தப்ரேசை நன்றியோடு பார்த்துச் சொன்னாள்.

"தண்ணி கேட்டாருங்களா? குடுக்காம இருந்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும்ணா. வர்றவங்கள்லாம் எரக்கப்பட்டுக் குடுத்துடறாங்க. உங்களாட்டம் ஒருத்தரு கூட இருந்ததாலதான் இவரு இந்த மட்டுக்காவது பொழைச்சி வந்தாரு."

சொல்ல வந்ததைத் தப்ரேஸ் சொல்லவில்லை. அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.