மிளகுக் காட்டில் எங்கள் இன்ஜினியர்

கோயம்புத்தூரில் பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் ஆறு பேர் கம்பி கட்டிக்கொண்டிருந்தோம். எல்லோரும் கொல்லிமலை, வாழவந்தி நாட்டுக்காரர்கள். எங்களை மேய்த்தவர் ஓர் இளம் இன்ஜினியர். தினமும் காலையில் மேலே வந்து, "நாலு பேர் வேலைக்கு எதுக்கு ஆறு பேர்?" என்று கேட்பார். தை மாதம் மிளகு பழுத்ததும் ஊருக்கு வந்துவிட்டோம். அவர் இரண்டு பேரைத்தான் குறைக்கச் சொன்னார். நாங்கள் ஆறு பேரையும் குறைத்துவிட்டோம்.

ஒன்பதாம் மாடி வேலை அப்படியே நின்றது. ஐந்தாம் நாள் அவரே எங்களைத் தேடி மலையேறி வந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். சாரத்தின் மேல் விசிலடித்துக்கொண்டு நடக்கிற மனிதர், மலைமேல் சோளக்காடு ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டோரம் குந்தி வாந்தி எடுத்தார். பைக்கில் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

"நாளைக்கே கிளம்பணும். அங்க ஆளே கிடைக்கல," என்றார்.

"இங்கயும் ஆளில்லீங்க சார். எல்லாரும் உங்க கட்டடத்துக்குத்தான் போயிட்டாங்க," என்றாள் என் மனைவி. "மெளகு பறிச்சு முடிச்சுட்டு வருவாருங்க."

காத்திருக்கிறேன் என்றார். ஆனால் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. மறுநாள் நான் மரத்தில் சாய்த்த மூங்கில் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மனைவி அவர் முன்னால் ஒரு சாக்கை விரித்து, கொத்திலிருந்து மிளகை உதிர்க்கச் சொன்னாள். அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்துவிட்டார். எரிச்சலில் துள்ளியவருக்கு அவள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"ஒராள் வேலைக்கு ரெண்டாளா போச்சுங்க," என்று என்னிடம் சொன்னாள். "உதிர்க்க ஒராளு, அவரு கண்ணக் கழுவ ஒராளு."

அவர் காதில் விழுந்துவிட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ கண்ணை மூடியபடியே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான்காம் நாள் மிளகைக் காயப் போட்டுவிட்டு அவரோடு பஸ் ஏறினோம். வளைவுக்கு வளைவு என் தோளைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம், "ஏன் லேட்டு?" என்று ஒன்பதாம் மாடியில் விசிலோடு நின்றார்.

அடுத்த தையில் நாங்கள் கேட்காமலேயே பத்து நாள் லீவு கொடுத்தார். தானும் வருகிறேன் என்று கிளம்பிவிடுவாரோ என்று பயந்தோம். நல்லவேளை, வரவில்லை.