வலக்கைப் பக்கத்துக் கதவு

எதிர் வீட்டுக்காரர்கள் இன்று காலி செய்கிறார்கள். ஒரே நிற பனியன் போட்ட நான்கு பேர் வந்து, அட்டைப் பெட்டிகளில் டேப்பைக் கிர்ரென்று இழுத்து ஒட்டுகிறார்கள். வீட்டம்மா நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொடுத்து வைத்தவள். புது அட்டை வாசனை எங்கள் வாசல் வரை வந்ததும், எனக்குப் பழைய சாக்கு வாசனை ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் திருக்கோகர்ணத்தில் வீடு மாறியபோது சாமான் கட்டியதெல்லாம் மளிகைக் கடைச் சாக்கில்தான். அதில் ஒன்று மிளகாய் மூட்டை என்பதைப் புடவைகளை அடைத்த பிறகுதான் கண்டுபிடித்தேன். ஒரு மாதம் தும்மினேன்.

ஒரு ஆனி மாதம் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. மகன் வெளிநாட்டு வேலைய விட்டுட்டுக் குடும்பத்தோட வாரான். ஆடி பொறக்கிறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க." ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள். ஆடிக்கோ பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நல்ல மனிதர்தான். இருந்தாலும் அன்று அவருக்குக் கொடுத்த காபியில் நான் சர்க்கரை போடவில்லை. வேண்டுமென்றேதான்.

சாமான்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் மாமாவைப் பற்றித்தான். என் மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதியில் கண் பார்வை போய்விட்டது. ஆனால் அந்த வீட்டை அவர் எட்டு வைத்தே அளந்து வைத்திருந்தார். கட்டிலை விட்டு இறங்கினால் வலக்கைப் பக்கம் ஆறு எட்டில் கதவு, அங்கிருந்து ஒன்பது எட்டில் குளியலறை. யார் கையையும் பிடிக்க மாட்டார். "ஓடுற பஸ்லயே கம்பியப் பிடிக்காம நின்னவன்த்தா நானு" என்பார். புது வீட்டில் இவர் என்ன செய்வார் என்று நினைத்து நினைத்தே இரண்டு நாள் குழம்பைத் தீய விட்டேன்.

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது போல, பின் தெருவில் வீட்டுக்காரருடைய தம்பி வீடு காலியாக இருந்தது. ஒரே கொத்தனார் கட்டிய, அச்சு அசலாக ஒரே மாதிரியான வீடு. எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது, அது மேற்குப் பார்த்தது, அவ்வளவுதான். ஆனி முடிய இரண்டு நாள் இருக்கையில் உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் கொண்டுபோய்ப் பால் காய்ச்சிவிட்டோம்.

பழைய வீட்டில் இருந்தபடியே எல்லாவற்றையும் அடுக்கினோம். மாமாவின் கட்டிலைப் போட்ட பிறகுதான் பார்த்தோம், தலைமாடு வடக்கே வருகிறது. வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதே என்பார்களே! பெற்ற தகப்பனை அப்படிப் படுக்க வைக்கலாமா? என் கணவரும் நானும் கட்டிலைத் திருப்பி, எதிர்ச் சுவரோரம் தெற்கே தலைமாடாகப் போட்டோம். பெரிய புண்ணியம் செய்துவிட்ட திருப்தி.

மறுநாள் காலை மாமா எழுந்து, வழக்கம் போல வலப்பக்கம் திரும்பி நடந்து, பீரோவில் நெற்றியை மோதிக்கொண்டார். "புது வீடுல்ல, பழகிரும்" என்றோம். அடுத்த நாளும் மோதினார். அதற்கு மேல் அவர் தனியாக எழுந்திருக்கவே இல்லை. பேச்சும் குறைந்துவிட்டது. நான்காம் நாள்தான் கவனித்தேன், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.

"ஏன் மாமா தண்ணி குடிக்கலீங்க?"

"குடிச்சாப் போகணும்ல. ஒவ்வொரு தடவையும் ஒன்னயக் கூப்பிடணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் கேட்டுவிடுமே என்று மூக்கைக்கூட உறிஞ்சாமல் நின்றேன். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரைப் போலவே கண்ணை மூடிப் பார்த்தேன். கதவு எந்தப் பக்கம்? இடக்கைப் பக்கம்! வீடு மாறவே இல்லை. கட்டிலைத் திருப்பி நாங்கள்தான் மாற்றியிருக்கிறோம்.

கணவரிடம் சொன்னேன். "அதுக்காக அப்பாவ வடக்க தலை வச்சுப் படுக்கச் சொல்றியா? சொந்தக்காரங்க பாத்தா என்ன சொல்லுவாக?" என்று முறைத்தார்.

உள்ளேயிருந்து மாமாவின் குரல், அந்த நான்கு நாளில் முதல் முறையாகக் கண்டக்டர் குரலாகக் கேட்டது. "எமன் வந்தா டிக்கெட் கேட்டு நானே எறக்கி விட்டுக்கிறேன். நீ கட்டிலத் திருப்புடா!"

திருப்பினோம். இறங்கினார், வலப்பக்கம் நடந்தார், கதவை உள்ளங்கையால் தொட்டார். தொட்டதும் சிரித்துவிட்டார். "இங்கிட்டுத்தான இருக்கு! இத எங்கத்தா ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றவர், ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வடக்கே தலை வைத்தே இன்னும் ஒன்பது வருடம் இருந்தார். கடைசி வாரம் வரை தன் காலில்தான் நடந்தார்.

போன வருடம் அந்த இரண்டு வீடுகளையும் இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனோம். நிரவிய மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. "இங்கதான் அப்பா ரூம்" என்றார் என் கணவர். "இல்லைங்க, அங்கிட்டு" என்றேன் நான். வெயிலில் நின்று கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். கண் தெரிந்த இரண்டு பேருக்கும் அது எங்கே இருந்ததென்று தெரியவில்லை. மாமா இருந்திருந்தால் நேரே போய் நின்றிருப்பார்.