கன்னாபிடயாலும் என் வலது முழங்காலும்

1. ஸ்டாக் இல்லை

1999 ஐப்பசி மழையில் மண் சரிந்து கொல்லிமலைக்கு பஸ் நின்றது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் பார்மசிஸ்ட். ஊரார் வாயில் கம்பவுண்டர். ஃபிட்ஸுக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டோன் டப்பாவைத் திறந்தால் உள்ளே பஞ்சு மட்டும் இருந்தது. இன்டென்ட் எழுதிக் கேட்ட மருந்து மாவட்டக் கிடங்கிலேயே நின்றது. டாக்டரும் கீழேயே மாட்டிக்கொண்டார். போனும் இல்லை.

மலையிலேயே உள்ள தேவனூர் நாட்டுப் பகுதியிலிருந்து விடிந்ததுமே பொன்னையன் வந்தார். மிளகும் மரவள்ளியும் போடும் விவசாயி. அவர் மகள் சரசுவுக்கு ஃபிட்ஸ். மாத்திரை தொடங்கிய பிறகுதான் பள்ளிக்கூடம் போகிறாள். அதைத் திடீரென்று நிறுத்தினால் ஃபிட்ஸ் விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவரிடம் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"ஊட்ல இன்னைக்கு ராத்திரிக்குத்தானுங்க மாத்திரை இருக்குது" என்றார்.

"ஸ்டாக் இல்லீங்களே."

அவர் பதறவில்லை. மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பிரிப்பதற்கு முன்பே வாசனை காட்டிக்கொடுத்தது. கஞ்சா இலை.

"நீங்க சொன்னதுதானுங்க. எவ்வளவு அரைச்சுக் குடுக்கோணும்னு சொல்லீட்டீங்கன்னா போயிருவேன்."

2. டீக்கடைப் பேராசிரியர்

நான் சொன்னதுதான். டாக்டர் மேஜையில் கிடந்த பழைய மருத்துவப் பத்திரிகையில் ஒரு பக்கம் படித்திருந்தேன். அதிலும் பாதி படம். கஞ்சாச் செடியில் கன்னாபிடயால் என்றொரு பொருள் இருக்கிறது, அது போதை தராது, எலிகளுக்கு வலிப்பைக் குறைக்கிறது, மனிதர்களிடம் சோதித்தது மிகக் கொஞ்சம் என்று இருந்தது. மலைமேல் சோளக்காடு ஊர் டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்தக் கதையை எடுத்துவிட்டேன். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சில் எலியை விட்டுவிட்டேன். இன்னொருவர் வடை வாங்கிக் கொடுத்தார். 'மிகக் கொஞ்சம்' என்பதையும் விட்டுவிட்டேன். சோளக்காட்டில் சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே மலை முழுக்கப் போய்விடும்.

"இதுல அந்த மருந்து எவ்வளவு இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. போதை தர்றதும் இதுலயேதான் இருக்குது. புள்ளைக்குக் குடுக்கக் கூடாதுங்க" என்றேன்.

"அன்னைக்கு அத்தன பேரு முன்னால சொன்னீங்களே?"

"அது எலிக்குங்க. எலின்னு சொல்ல உட்டுப்போச்சு."

"அப்ப எம்புள்ளைக்கு என்னங்க பண்றது?" என்றார். எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. வடை தின்ற வாயை நானே அறைந்திருப்பேன்.

3. இறக்கம்

அடிவாரத்துப் பேளுக்குறிச்சி மெடிக்கல் ஷாப்பில் அந்த மாத்திரை இருக்கும். தெரிந்த ஆள் போகாமல் கொடுக்க மாட்டார்கள். பொட்டலத்தை அடுப்பில் போட்டுவிட்டு, சரசுவின் மருந்துச் சீட்டோடு ஒற்றையடிப் பாதையில் அவர் பின்னால் இறங்கினேன். நான் சமவெளிக்காரன், காலில் ஆபீஸ் செருப்பு. முதல் சரிவிலேயே விழுந்தேன், வலது முழங்கால் பாறையில் இடித்தது.

"ஏனுங்க, பேசாம ஒக்காந்தே எறங்கீருங்க" என்றார் பொன்னையன். மீதி மலையைப் பெரும்பாலும் உட்கார்ந்தேதான் இறங்கினேன்.

கடையில் மாத்திரை கிடைத்தது. அவர் அதை மடியில் கட்டிக்கொண்டு இருட்டுவதற்குள் ஏறிப் போய்விட்டார். நான் கீழேயே கிடந்தேன். ரோடு திறக்கும்வரை சரசு எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் சோறே இறங்கவில்லை. முதல் பஸ்ஸில் மேலே வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவோடு நின்றாள்.

"அப்பா, கம்பவுண்டரு நொண்டறாரு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இன்னொரு காலையும் கொடுத்திருப்பேன்.

4. இப்போது

இன்றைக்குச் சுத்தப்படுத்திய கன்னாபிடயால் மருந்தாகவே இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் சில அரிய வலிப்பு நோய்களுக்கு டாக்டர் டோஸ் பார்த்துக் கொடுக்கிறார். ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். மற்ற ஃபிட்ஸ் மாத்திரைகளோடு சில சமயம் மோதும். வலிக்கும் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் உதவுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. உறுதியாகச் சொல்ல இன்னும் போதவில்லை. ஆனாலும் விளம்பரம் போதுமான அளவுக்கு இருக்கிறது.

இதை நான் சொன்னால் யாரும் டீ வாங்கித் தருவதில்லை. இளைய பார்மசிஸ்டுகளே, டீ கிடைக்காவிட்டாலும் முழுதாகச் சொல்லுங்கள்.

போன மாதம் தங்கை மகன் ஒரு சின்ன பாட்டிலோடு வந்தான். "கன்னாபிடயால் எண்ணெய் மாமா, மூட்டு வலி பறந்துரும்னு ஆராய்ச்சியில சொல்றாங்க" என்றான்.

முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டேன்: "எலிக்கா, மனுசனுக்கா கண்ணு?"