எண்ணூர் தாண்டினதும் குடுக்கறேன்

காலை ஐந்து மணிக்கு கல்மண்டபத்துச் சந்திலிருந்து எங்கள் பழைய சின்னக் கார் புறப்பட்டது. போகும் ஊர் விஜயவாடா. ஏறத்தாழ நானூற்றைம்பது கிலோமீட்டர். இருபத்திரண்டு வருஷமாகத் துறைமுகத்துக்கும் மணலிக்கும் நடுவே கண்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறேன். உலகத்துச் சரக்கெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் பயணம் போயிருக்கிறது. நான் முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. மனைவி பிலோமினாவோடு நெடுந்தூரம் போவது இதுதான் முதல்முறை.

அவள் வரச் சம்மதித்தது ஒரு நிபந்தனையின் பேரில். அவள் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷமாகிறது. அது பீரோவில் புடவைக்கடியில் தூங்குகிறது. எங்கள் சாலையில், ட்ரெய்லர்களுக்கு நடுவே, அவள் கையில் வண்டியைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"பாதி தூரம் நான் ஓட்டணும். இல்லாங்காட்டி நீ மட்டும் போய்ட்டு வா" என்றாள்.

"எண்ணூர் தாண்டினதும் குடுக்கறேன்" என்றேன்.

5.40. எண்ணூர். வலப்பக்கம் கடல் இன்னும் கண் விழிக்கவில்லை. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள். கழிமுகத்தில் இடுப்பளவு சாம்பல் நீரில் நின்று வலை இழுக்கிறவர்கள். டீசல், உப்பு, கருவாடு, கந்தகம் எல்லாம் கலந்த காற்று. மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்தட்டும். அவர்கள் வீட்டில் எரியும் விளக்குக்கு இங்கேதான் திரி.

"தாண்டியாச்சு" என்றாள் பிலோமி.

"இன்னும் சரியா விடியல. மீஞ்சூர்ல குடுக்கறேன்."

மீஞ்சூரில் நெரிசல் என்றேன். பொன்னேரியில் மாடு என்றேன். தச்சூரில் நெடுஞ்சாலை ஏறியதும், வேகம் ஜாஸ்தி என்றேன். தடாவில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். மடியில் டப்பாவைத் திறந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்திருந்த எட்டு இட்லியையும் நிதானமாகத் தின்று முடித்தாள். எனக்கு ஒரு விள்ளல்கூட நீட்டவில்லை. சூலூர்பேட்டை பக்கம் ஏரியில் வானம் தரையிறங்கிக் கிடந்த அத்தனை தண்ணீரையும் பசியோடுதான் பார்த்தேன்.

8.30. நெல்லூர். அந்தப் பசிதான் என்னை ஊருக்குள் திருப்பியது. இடப்பக்கச் சந்தில் டிபன் கடை. ட்ரெய்லரை இடப்பக்கம் திருப்ப வேண்டுமென்றால், முதலில் வலப்பக்கம் ஒதுங்கி அகலமாக வளைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் வால் நடைபாதையில் ஏறிவிடும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். என்னைக் கேட்காமலே என் கை சின்னக் காரை வலக்கோடி வரை கொண்டுபோய், பிறகு இடப்பக்கம் ஒடித்தது. நான் வலப்பக்கம் போகிறேன் என்று நம்பி இடையில் நுழைந்த மிளகாய் மூட்டைக்காரர், பைக்கை எங்கள் கதவுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினார். அவர் தெலுங்கில் சொன்ன எதுவும் எனக்குப் புரியவில்லை, எல்லாமே விளங்கியது.

அவர் போனதும் பிலோமி பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"யோவ், பின்னால இன்னா நாப்பதடி பெட்டியா கீது? காலி இட்லி டப்பாதான்யா கீது."

கடையில் நெய் தோசை எண்பது ரூபாய். கை கழுவிவிட்டு வந்தேன். அவள் உள்ளங்கையை மட்டும் நீட்டினாள். சாவியை வைத்தேன்.

முதல் பத்து கிலோமீட்டர் அவள் தோள்கள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தன. நான் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். "கால எடு, தரையில ஓட்ட வுய்ந்துரப் போவுது" என்றாள். ஓங்கோலில் தோள்கள் இறங்கின. குண்டூர்க் காற்றில் மிளகாய் நெடி வந்தபோது ஒரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் ஒரு டேங்கர் லாரியைத் தாண்டினாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு விஜயவாடா. கிருஷ்ணா நதி, ஒரு கடல் தவறி ஊருக்குள் வந்துவிட்டதுபோல அகலமாகக் கிடந்தது. படித்துறையில் டீ பதினைந்து ரூபாய். பிலோமி நதியைப் பார்க்காமல் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங் பிடித்துச் சிவந்திருந்தன.

"வலிக்குதா?"

"சோக்கா கீது."

மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்குத் திரும்பி மீஞ்சூர் வந்தோம். விஜயவாடாவிலிருந்து அவள்தான் ஓட்டி வந்திருந்தாள்.

"ஓரங்கட்டு பிலோமி. இனிமே நம்ம ரோடு. லைன்ல ட்ரெய்லருங்க நிக்கும். என் ஆளுங்கல்லாம் பாத்துடுவானுங்க."

"பாக்கட்டுமே. ஊரான் ரோட்லல்லாம் ஓட்டினேன். என் ரோட்ல ஓட்ட வாணாமா?"

கியரைக் குறைத்தாளே தவிர, நிறுத்தவில்லை.

எண்ணூரிலிருந்து துறைமுகத்தைப் பார்த்து ட்ரெய்லர்கள் இடப்பக்கம் வரிசை கட்டி நின்றன. எதிரில் டேங்கர்கள். நடுவே ஒரு கார் நுழையும் அளவு சந்து. அவள் அதில் வண்டியை விட்டாள். நான்காவது ட்ரெய்லரின் கேபினிலிருந்து, என்னோடு பத்து வருஷமாக ஓட்டும் குமார் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமு, கைய கிய ஒட்சிகினியா? அண்ணி ஓட்டிகினு வர்து!"

முழங்கால் வலி என்று சொல்லியிருக்கலாம். தூக்கம் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன. கண்ணாடியை முழுக்க இறக்கினேன்.

"விஜயவாடா போய்ட்டு வரோம்டா. நெல்லூர் வரைக்கும்தான் நானு. அப்பால போனது, வந்தது பூரா அதான் ஓட்டுது."

குமார் முன்னால் நின்ற வண்டிக்குக் குரல் கொடுத்தான். "டேய், ஒதுங்குங்கடா! விஜயவாடா வண்டி வர்து!"

சேதி கேபின் கேபினாக ஓடியது. நாற்பதடிப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகிக்கொண்டு கையகலம் ஒதுங்கின. இருபத்திரண்டு வருஷத்தில் எனக்காக அந்த வரிசை ஒதுங்கியதில்லை. பிலோமி இரண்டாவது கியரில், யாரையும் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கேபினிலிருந்தும் ஒரு முகம். கேட்டவர்களுக்கும் சொன்னேன்; கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

"யோவ், கண்ணாடிய ஏத்து. தூசி வர்து" என்றாள்.

நான் ஏற்றவில்லை.