எட்டுப் பேர் போட்ட கீரைத் தோட்டம்

எனக்கு இந்தி தெரியும் என்று ஷாதிபூரில் எங்கள் லைன் வீட்டு வரிசை முழுக்க நம்பியது. நானும் நம்பினேன். அதுதான் வினை.

அறுபதுகளின் நடுவில் என்று நினைவு. என் வீட்டுக்காரருக்குச் சாத்தம் மரமில்லில் வேலை. தீவில் காய்கறிக்கு மெயின்லேண்டிலிருந்து கப்பல் வர வேண்டும். கப்பல் பிந்தினால் உருளைக்கிழங்கு, பருப்பு, கருவாடு, மறுபடியும் உருளைக்கிழங்கு. லைனுக்கு ஒரே ஒரு முருங்கை மரம். அதையும் பறித்துப் பறித்து மொட்டையடித்திருந்தோம்.

பக்கத்து வீட்டுக்காரி ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்தவள். என்னைவிடப் பத்து வயது இளையவள், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். இரண்டு கர்ப்பம் கலைந்து, மூன்றாவதாக நான்கு மாதம். உடம்பில் ரத்தமே இல்லை, தினம் கீரை சாப்பிடு, இல்லாவிட்டால் இதுவும் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீரைக்கு அவள் எங்கே போவாள்?

அந்தச் சமயம்தான், பெண்கள் சேர்ந்து காய்கறி போட்டால் சர்க்கார் சின்ன உதவி தருகிறது என்று செய்தி வந்தது. விதை, இரண்டு மண்வெட்டி, வேலிக்கு மூங்கில். லைனுக்குப் பின்னால் சும்மா கிடந்த ஈர நிலத்திலேயே போட்டுக்கொள்ளலாமாம். அவளையும் சேர்த்து எட்டுப் பேர் ஆனோம். ஆபீசுக்குப் போகிற வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நாங்கள் இந்தி பேசிய லட்சணத்தைச் சொல்ல வேண்டும். வார்த்தை தெரியாவிட்டால் தமிழ் வார்த்தையின் வாலை 'ஆ' என்று நீட்டிவிடுவோம். ரேஷன் கடையில் பாதி நாள் அது செல்லுபடியாகும்.

"க்யா லகாயேகா?" என்றார் கிளார்க். என்ன போடப் போகிறீர்கள் என்கிறார்.

"கீரா," என்றேன்.

"சிர்ஃப் கீரா?" அது மட்டுமா என்று பேனாவை நிறுத்தினார்.

"சிர்ஃப் கீரா. ரோஜ் காயேகா." தினமும் சாப்பிடுவோம் என்று அடித்துச் சொன்னேன். மனுஷர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பெருமை தாங்காமல் வீடு வந்தேன்.

விதை வந்தது. பிரித்தால் வெள்ளையாக, தட்டையாக இருந்தது. "அக்கா, இது வெள்ளரி விதை மாதிரில்லா இருக்கு?" என்றாள் கடைசி வீட்டுக்காரி.

எனக்கும் சுருக்கென்றது. ஆனால் எட்டுப் பேருக்கு நடுவில் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. "ஆபீஸ் ஏறி இறங்குனது நானா நீயாட்டி? இது இந்திக்காரன் கொடிக்கீரை. சோலியப் பாரு," என்று அவள் வாயை அடைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஒன்றும் சொல்லாமல் விதையை வாங்கி ஊன்றினாள்.

கொடி படர்ந்தபோது, "பாத்தியளா, கொடிக்கீரை," என்று வேறு சொன்னேன். இலையைக் கிள்ளி வேகவைத்தால் ஒரே சொரசொரப்பு, கசப்பு. முற்றிவிட்டது என்றேன். மஞ்சள் பூ பூத்தது, பிஞ்சு விட்டது. இனி எந்த வாயால் சொல்ல?

வீட்டுக்காரரிடம் கேட்டேன். சிரித்துச் சிரித்துப் புரையேறியது அவருக்கு. இந்தியில் கீரா என்றால் வெள்ளரிக்காயாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஆறு மாதம் நடந்துகொண்டிருந்தது. முகம் வெளிறி, கொடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். என் வீம்பில் இரண்டு மாதம் போய்விட்டது. கிளார்க் மேல் பழியைப் போடலாமா என்றுகூட ஒரு பொழுது யோசித்தேன். வெட்கமாக இருந்தது. மறுநாள் ஏழு பேரையும் கூப்பிட்டு, தப்பு என்னுது என்று சொல்லிவிட்டேன். யாரும் பெரிதாகத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

காய் மட்டும் காய்த்துத் தள்ளியது. ஒரு கூடை தூக்கிக்கொண்டு பஸ் ஏறி சௌல்தாரிக்குப் போனேன். அங்கே ஒரு பெங்காலி அம்மாவின் தோட்டத்தில் செக்கச்செவேலென்று கீரை நின்றது. இந்த முறை வாயைத் திறக்கவில்லை. கீரையைத் தொட்டுக் காட்டினேன், கூடையைக் காட்டினேன், வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினேன். அந்த அம்மா கூடை நிறையக் கீரையும், முந்தானையில் முடிந்து ஒரு பிடி விதையும் கொடுத்தாள்.

வாரத்துக்கு இரண்டு தடவை போனேன். அந்த விதை எங்கள் நிலத்திலும் முளைத்து ஒரு மாதத்தில் பறிப்புக்கு வந்தது. அப்புறம் அவள் வீட்டில் கீரை இல்லாத நாள் இல்லை.

மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. சோனிதான், ஆனால் அழுகைச் சத்தம் லைன் கடைசிவரை கேட்டது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அவளிடம் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தேன்.

"வெள்ளரியக் கீரைன்னு நம்பி ஏமாந்தியேட்டி," என்றேன்.

"நா ஏமாறலக்கா. எங்கய்யா வருசா வருசம் கம்மாய்க்குள்ள வெள்ளரிதான் போடுவாரு. பாக்கெட்டப் பிரிச்சதுமே தெரிஞ்சிருச்சு."

"பொறவு ஏன் சொல்லல?"

"நீங்க கோவிச்சுக்கிருவீகளேன்னு."