ஓட்டப் பந்தயத்தில் தாவணி

அடக்கத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். நான் பேசவில்லை. அதற்காக என்மேல் சொன்ன குறைகளையெல்லாம் இன்றும் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொள்கிறேன். வருத்தம் மட்டும் இல்லை.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். கரமனை அக்கிரகாரத்திலிருந்து மடிசார் புடவையோடு பஸ் ஏறிப் போவேன். டிரில் எடுக்க வேறு ஆள் இல்லாததால் சாயங்காலத்து விசிலும் என் கழுத்தில்தான். நாலாம் பாரத்துக்கு, அதாவது ஒன்பதாம் வகுப்புக்கு, மேலே உள்ள பெண்கள் தாவணி போட்டே வர வேண்டும், அதன் தலைப்பு தோளிலிருந்து பின்னால் தொங்க வேண்டும் என்பது பள்ளியின் சட்டம். ஓடும்போதும் அதேதான்.

வகுப்பில் ஒரு நெட்டைப் பெண். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த நாஞ்சில் நாட்டுக்காரரின் மகள். இலக்கணம் ஆரம்பித்தால் தூங்கிவிடுவாள். மைதானத்தில் இறங்கினால் யாராலும் பிடிக்க முடியாது. விளையாட்டு விழாவுக்குப் பழகும்போது ஒருநாள் தலைப்பு காலில் சுற்றிக் குப்புற விழுந்தாள். பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. முட்டியில் ரத்தம் வழிந்தது. அவள் முதலில் பாவாடையைத்தான் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மறுநாள் தலைப்பை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, இடுப்பைச் சுற்றி, இறுக்கி முடிந்துகொண்டு வந்து நின்றாள். மற்றப் பெண்கள் அவளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லாததால் அவர்களும் அப்படியே கட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு ஒருத்தியும் விழவில்லை.

ரோட்டில் போன ஒரு பெரிய மனிதர் மதிலுக்கு வெளியே நின்று இதைப் பார்த்துவிட்டு, நேரே ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் மலையாளி அம்மாள். என்னிடம் மட்டும் தமிழில் பேசப் பார்ப்பார்.

"இது சரியாகில்லா டீச்சர், கேட்டோ. பெண்குட்டிகள் வயல் பணிக்குப் போற மாதிரி கட்டிக்கொண்டு ஓடினால் ஆள்கள் என்ன பறையும்? நாளைக்கு அடக்கத்தைப் பற்றி நல்ல ஒரு கிளாஸ் எடுக்கணும்."

மறுநாள் வகுப்புக்குப் போய், "அடக்கம்னா என்னடி? நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.

தலை குனிந்து நடக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. உரக்கச் சிரிக்கக் கூடாது என்றாள் இன்னொருத்தி. நெட்டைப் பெண் மெல்ல எழுந்தாள்.

"டீச்சரே, அண்ணைக்கு நான் சட்டப்படிதான் தாவணி போட்டிருந்தேன். விழுந்தேன். எல்லாரும் என் காலைப் பாத்தாவ. இறுக்கிக் கட்டினப்ப ஒண்ணும் விலகல்ல, ஒண்ணும் தெரியல்ல. அப்ப எது டீச்சரே அடக்கம்?"

எனக்கு என் புடவைதான் நினைவுக்கு வந்தது. கச்சம் வைத்து இடுப்பில் இறுக்கிச் செருகிய அந்தப் புடவையோடுதான் கிணற்றில் தண்ணீர் இழுக்கிறேன், கிளம்பிவிட்ட பஸ்ஸை ஓடிப் பிடிக்கிறேன். கால் தடுக்கியதே இல்லை. அதைப் பார்த்து ஊர் மரியாதை என்கிறது. இந்தப் பெண் இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டால் மானம் போய்விடுகிறது!

"நீ சொன்னதுதான் சரி, உக்காரு" என்றேன். மீதி நேரம் புணர்ச்சி விதி நடத்தினேன். அவள் வழக்கம்போலத் தூங்கினாள்.

"கிளாஸ் எடுத்தோ?" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார்.

"குழந்தைகள் எடுத்தா. நான் கேட்டுண்டேன்."

அவர் சிரிக்கவில்லை. பெண்ணின் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார். மண்டிக்காரர் வந்து என் எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்குத நேரம். நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாவ. ஓட வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க வேணா சொல்லிப் பாருங்கோ."

"நான் சொல்லியாச்சு. கேக்க மாட்டேங்கா" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு வழி சொன்னார். பந்தயம் நடக்கட்டும், ஆனால் தலைப்பு தொங்க வேண்டும். நான் விசிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விழாவன்று முன்வரிசை முழுக்கப் பெரிய மனிதர்கள். பெண்கள் சுண்ணாம்புக் கோட்டில் தலைப்பைத் தொங்கவிட்டு நின்றார்கள். விசிலை வாய்வரை கொண்டுபோனவள் கீழே இறக்கினேன்.

"எல்லாரும் தாவணியை இறுக்கிக் கட்டிக்கோங்கோ!"

நாற்காலிகளுக்குக் கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். யாரோ எழுந்தார், யாரோ இருமினார். பெண்கள் அதற்குள் முடிந்துகொண்டுவிட்டார்கள். ஊதினேன்.

அவள் இரண்டாவதாகத்தான் வந்தாள். கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களோ என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"இல்ல டீச்சரே. கடைசீல திரும்பிப் பாத்துட்டேன். பாக்காம ஓடியிருந்தா நான்தான் முதல்."

மறுவாரம் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டார். குரலில் கடுமை இல்லை. "ஒரு மாப்புச் சொன்னால் மதி, போதும் டீச்சர். நான் மேலிடத்துக்கு ஒன்றும் எழுத மாட்டேன்."

"எதுக்கு மாப்பு?" என்றேன்.

அவர் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். பொன்முடி மலையடியில் ஒரு சின்னப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. ஒரு மன்னிப்பில் என்ன குறைந்துபோகும் என்று அகத்தில் எல்லாரும் கேட்டார்கள். எனக்குக் குறைந்துதான் போகும் என்று சொல்லிப் பெட்டியைக் கட்டினேன். அந்தப் பெண்ணை அப்பா பள்ளியை விட்டு நிறுத்தவில்லை என்பது கிளம்புவதற்கு முன்பே தெரிந்தது. அது போதும் எனக்கு.

மலைப்பக்கம் போகும் பஸ்ஸில், எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மகள் தூங்கினாள்.

"பள்ளிக்கூடத்துக்கா போறீங்க? எங்க புள்ளைகளுக்கு என்னம்மா சொல்லிக் குடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"தமிழும் ஓட்டமும்" என்றேன்.