கதவோரத்து நாற்காலி

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, இது நான் சொல்லும் இரண்டாவது சாட்சி. முதல் சாட்சி பொய். அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரும். அன்று ராஸ் அல் கைமா சபையில் உட்கார்ந்து எனக்காகக் கை தட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், என்னை மன்னித்துக்கொண்டே படியுங்கள்.

என் பெயர் செல்வின். திருச்செந்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். 2001-இல் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனிக்கு வேலைக்கு வந்தேன். சூளையில் வெந்து வரும் டைல்ஸ் பெல்ட்டில் ஓடி வரும். நான் விளக்கடியில் உட்கார்ந்து பார்த்து, கீறல் விழுந்தது, ஓரம் உடைந்தது, புள்ளி விழுந்தது எல்லாவற்றிலும் பேனாவால் கோடு இழுக்க வேண்டும். கோடு போட்டது ஒரு பக்கம் போகும், போடாதது நல்ல சரக்கு. பெல்ட் யாருக்காகவும் நிற்காது. எழுந்து போக வேண்டுமானால் கையைத் தூக்கி மாற்று ஆளை வரவழைத்த பிறகுதான் எழுந்திருக்கலாம்.

அப்படிப்பட்ட வேலையில் இருப்பவனுக்கு வரக்கூடாத வியாதி எனக்கு வந்தது. இரண்டாவது வருடம் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. பிறகு ரத்தம் போனது. லீவில் ஊருக்குப் போனபோது பாளையங்கோட்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, பெருங்குடல் முழுவதும் புண் என்றார்.

"இது அடியோட போற வியாதி இல்ல தம்பி. மாத்திரைய விடாம போட்டா அடங்கிக் கெடக்கும். விட்டியோ, எந்திரிச்சு ஆடும்."

ஒரு வருடத்துக்கான மாத்திரையைக் காபித்தூள் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். ஏன் காபித்தூள் டப்பா? பயம். வயிற்று வியாதி என்று தெரிந்தால் விசா புதுப்பிக்கும்போது மெடிக்கல் டெஸ்டில் அன்ஃபிட் போடுவார்கள், விசா கேன்சல், யல்லா, கிளம்பு என்று ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று நாங்கள் தங்கியிருந்த கேம்பில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். யாருக்கும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் நம்பினேன். மாத்திரையைத் திருடன் போல ஒளிந்து விழுங்கினேன்.

அந்த நாட்களில் நான் ஏங்கியது பெரிய காரியத்துக்கு அல்ல. ஒரு வெள்ளிக்கிழமையாவது, அங்கே அதுதான் விடுமுறை நாள், ஆராதனையில் முதல் பாட்டிலிருந்து கடைசி ஆசீர்வாதம்வரை எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அறையில் எட்டுப் பேரும் செய்தித்தாளை விரித்து வட்டமாக உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிடும்போது, நானும் அந்த வட்டத்தில் இருக்க வேண்டும். நான் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்பேன். "மாப்பிள்ளைக்கு நம்ம சமையல் எறங்காதுல்லா" என்று கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன். குழம்பு வாசம் மூக்கில் ஏறும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

2004 கடைசியில் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். மனம் உடைந்து ஜெபித்தேன். அந்த வாரம் ரத்தம் நின்றுவிட்டது. மாத்திரை வேலை செய்ததா, வயிற்றுக்கு ஓய்வு கிடைத்ததா, தெரியாது. நான் சுகமாகிவிட்டேன் என்று முடிவு கட்டினேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லி பாஸ்டர் ஒரு நாளும் சொன்னதில்லை. அது முழுக்க என் சொந்தப் புத்தி. டப்பாவோடு கழிப்பறைக்குப் போய் எல்லா மாத்திரைகளையும் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். விசுவாசம் என்றால் அதுதான் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சபையில் எழுந்து நின்றேன். வியாதியின் பெயரைக்கூட முதல்முறையாக வெளியே சொன்னேன். போய்விட்ட வியாதிதானே, இனிச் சொன்னால் என்ன? "எனக்குப் பூரண சுகம். மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன்" என்றேன். கை தட்டினார்கள். பின்னால் யாரோ அழுதார்கள். அன்று ஆராதனை முடிந்து ஐக்கிய விருந்தில் ஆட்டுக்கறி பிரியாணி. ஆளுக்கு ஆள் என் தட்டில் அள்ளி வைத்தார்கள். வட்டத்தின் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், வளைகுடாவில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு கிடையாது. ஆசை முற்றிப்போய், சுகம் என்று வயிறு சொல்வதற்கு முன்னால் நாக்கு சொல்லிவிட்டது.

இரண்டு மாதத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சபையில் எல்லோருடைய விசுவாசமும் ஆடிப்போகுமே, ஆண்டவருடைய நாமத்துக்கு இழுக்கு வருமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆண்டவருடைய மானத்தை நான் காப்பாற்றுகிறேனாம்! காப்பாற்றியது என் மானத்தைத்தான். வெள்ளிக்கிழமைதோறும் ஊருக்கு போன் போடும்போது என் மனைவி எஸ்தர் கேட்கும் முதல் கேள்வி "மாத்திர போட்டியளா?" என்பதுதான். "போட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மகள் பக்கம் திருப்பிவிடுவேன்.

கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் ஜெபிப்பேன். "ஆண்டவரே, அந்த சுகத்தைத் திருப்பித் தாரும். அதுவரைக்கும் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளும்." இரண்டு விண்ணப்பம். முதலாவதைவிட இரண்டாவதைத்தான் அழுத்திக் கேட்டேன்.

2005 கோடை. ஒரு நாள் பகல் டியூட்டியில் வயிறு முறுக்கிப் பிடித்தது. கையைத் தூக்கினேன். மாற்று ஆள் சாப்பிடப் போயிருந்தான். இன்னொரு முறை தூக்கினேன். டைல்ஸ் வந்துகொண்டே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கோடு இழுத்தேன். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கோடு விழாத உடைசல் எல்லாம் நல்ல சரக்கோடு போய்க் குவிந்திருக்கிறது. ஃபோர்மேன் குல் கான், பெஷாவர்க்காரர், கத்திக்கொண்டே ஓடி வந்திருக்கிறார். வந்து பார்த்தால் நான் தரையில் கிடக்கிறேன், பேண்ட்டெல்லாம் ரத்தம்.

கண் விழித்தபோது பிக்கப் வண்டியில் இருந்தேன். குல் கான் தன் தோள் சால்வையை என் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தார். என் பயம் அப்போதும் போகவில்லை. "பாய், ஆபீஸ் மே மத் போலோ" என்று கெஞ்சினேன். ஆபீசில் சொல்லாதீர்கள் என்று. அவர் வண்டியை விரட்டினார்.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்ற வந்த நர்ஸ் யார் தெரியுமா? எங்கள் சபையில் பாட்டு எடுத்துக் கொடுக்கும் லில்லி சிஸ்டர். எங்கள் ஊர்ப் பக்கத்து நாசரேத்காரி. நான் சாட்சி சொன்ன அன்று கை தட்டியவர்களில் ஒருத்தி. ஃபைலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எத்தன நாளா ரத்தம் போவுதுண்ணே?"

"அஞ்சாறு மாசமா."

ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டினாள்.

"நான் ஒங்கள ஏசல. ஆனா ஒண்ணு சொல்லணும். ஒங்க சாட்சியக் கேட்டுட்டு நம்ம தங்கராஜ் அண்ணன் சுகர் மாத்திரைய நிப்பாட்டிட்டாவ. செல்வினுக்குச் செஞ்சவரு எனக்குச் செய்யமாட்டாராங்காவ. இப்ப கால்ல புண்ணு வந்து ஆறமாட்டேங்கு. நான் சொன்னா கேக்கமாட்டேங்காவ."

தங்கராஜ் அண்ணன் எலக்ட்ரீசியன். எனக்கு மூத்தவர், சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து உரக்க ஜெபிப்பவர். அதைக் கேட்டபோது எனக்கு வந்த நடுக்கம் வியாதியால் வந்ததில்லை. என் பொய் என் வயிற்றோடு போகும் என்று நினைத்திருந்தேன். அது இன்னொருவர் காலில் போய்ப் புண்ணாக நின்றது.

"வெளிய தெரிஞ்சா மெடிக்கல்ல அன்ஃபிட் போட்டிருவாவ சிஸ்டர்" என்றேன் கடைசியில்.

அவள் சிரித்துவிட்டாள். "யாரு சொன்னா? அவங்க பாக்கது ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும். ஒட்டுவியாதி இருக்கான்னு பாப்பாவ. ஒங்க கொடல எவன் பாக்கான்?"

இத்தனை வருடம் நான் சுமந்த பயம் அவ்வளவுதான்.

மறுநாள் குல் கான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். ஆபீசில் சொல்லிவிட்டேன் என்றார். அவர் தன் இந்தியில் நிதானமாகச் சொன்னார். தன் தம்பிக்கும் இதே வியாதியாம். ஊரில் மருந்து சாப்பிட்டுக்கொண்டு லாரி ஓட்டுகிறானாம். சூப்பர்வைசரிடம் பேசி என்னை பேக்கிங் பகுதிக்கு மாற்றிவிட்டாராம். அங்கே கழிப்பறை பத்தடியில், பெல்ட்டும் கிடையாது. "போன வருஷமே என்னிடம் வாயைத் திறந்திருந்தால் போன வருஷமே மாற்றியிருப்பேனே, பாகல், பைத்தியக்காரா!" என்று என் தலையில் தட்டினார். கேன்சல் இல்லை, ஒன்றும் இல்லை.

அவர் போன பிறகு போர்வைக்குள் அழுதேன். யாருக்கும் தெரியக்கூடாது என்று கேட்ட ஜெபத்தை ஆண்டவர் தள்ளிவிட்டார். தள்ளிய விதத்தில்தான் எனக்கு உதவி வந்து சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்துச் சபைக்குப் போனேன். சாட்சி சொல்ல வேண்டும் என்றதும் பாஸ்டர் சந்தோஷமாக மைக்கைக் கொடுத்தார். "நான் சுகமாகவில்லை. சுகமானேன் என்று சொன்னது பொய். மறுபடி மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால்தான் நிற்கிறேன். என்னை நம்பி யாராவது மருந்தை நிறுத்தியிருந்தால், இன்றைக்கே டாக்டரிடம் போங்கள்." யாரும் கை தட்டவில்லை. தங்கராஜ் அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை. பாஸ்டர் என் தோளில் கை வைத்து ஒரு நிமிடம் அப்படியே நின்றார்.

அன்று எஸ்தருக்கும் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். போன் கார்டில் நிமிடம் தீரும்வரை அவள் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பயந்துகொண்டே போன் போட்டேன். "மாத்திர போட்டியளா?" என்றாள். "போட்டேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தையை உண்மையாகச் சொல்வது எவ்வளவு சுகம்!

தங்கராஜ் அண்ணன் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. நான்காவது வாரம் விருந்தில் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒன்னாலதாம்ல கெட்டேன். ஒன்னாலதான் திரும்பவும் டாக்டர்ட்ட போனேன். புண்ணு ஆறுது" என்றார்.

இதை எழுதுவது 2009-இல். வியாதி இன்னும் என்னோடு இருக்கிறது. அடங்கிக் கிடக்கும், சில மாதம் எழுந்து ஆடும். பேக்கிங்கில் வேலை செய்கிறேன், டியூட்டி தவறுவதில்லை. தினமும் காலையில் சுகத்தைக் கேட்கிறேன், கேட்டுவிட்டு மாத்திரையைப் போடுகிறேன். ஏக்கம் போய்விட்டது என்று சொன்னால் அது மூன்றாவது சாட்சியாகப் போய்விடும், அதுவும் பொய்ச் சாட்சி. பிரியாணி அண்டாவைத் திறக்கும்போது இன்றைக்கும் எனக்கு எச்சில் ஊறுகிறது. ஆனால் வட்டத்துக்கு வெளியே நான் இல்லை. லில்லி சிஸ்டர் ஒரு சின்னப் பாத்திரத்தில் மோர் சோறு குழையப் பிசைந்து கொண்டுவருவாள். தங்கராஜ் அண்ணன் தன் சப்பாத்தியோடு வந்துவிடுவார். இப்போது எங்கள் ஓரத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டோம், ஆளுக்கு ஒரு வியாதி.

ஆராதனையில் கடைசி வரிசையில் கதவோரம் ஒரு நாற்காலி உண்டு. எந்த வெள்ளிக்கிழமை போனாலும் அதன்மேல் ஒரு பாட்டுப் புத்தகம் இருக்கும், எனக்கு இடம் பிடித்து. யார் வைக்கிறார்கள் என்று இதுவரை எனக்குத் தெரியாது. பாதிப் பாட்டில் எழுந்து போவேன். திரும்பி வரும்போது அந்த நாற்காலி அப்படியே காலியாக இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அன்பானவர்களே, மறைத்து மறைத்து ஜெபிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பயப்படாதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள், மனுஷரிடமும் சொல்லுங்கள், மாத்திரையைப் போடுங்கள். வெள்ளிக்கிழமை வாருங்கள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்று போடச் சொல்லியிருக்கிறேன்.